யன்னலோரத்து அளவுகள்

என் தங்கையின் கணவரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. கல்முனையில் ஒரே ஒழுங்கையில் எதிரெதிர் வளவுகளில் இருந்துகொண்டு, பெருநாளைக்குப் பெருநாள் கட்டித் தழுவிக்கொண்டு, இதைப் பல வருடங்கள் காப்பாற்றி வந்தோம்.

அவர் பொறியியல் விரிவுரையாளர். எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்துப் போன அடுத்த வருடம், இங்கிலாந்தில் கலாநிதிப் பட்டம் முடித்துக்கொண்டு வந்து என் தங்கையைக் கலியாணம் செய்தார். எங்கள் பகுதியில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். அந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பது வாப்பாவினதும் சகோதரர்களினதும் கடமை. வாப்பா மௌத்தாகிவிட்டதால் அது என் கடமையானது. சூறாவளி கொண்டுபோன கூரையைத் திரும்பப் போட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, அலுமாரியும் கட்டிலும் வைத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை மூன்றாம் நாள் அறைக்குள் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "யன்னல் சின்னன் மச்சான். இருட்டாக் கிடக்கு."

நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குக் கல்முனை நிருபர். நெல் விலை, கடலரிப்பு, நீதிமன்றம், சாகாமக் குளத்து நீர்ப் பங்கீடு, திருக்கோவில் தீர்த்தம், இவைதான் என் செய்திகள். அவர் விருந்தாளிகளுக்கு என்னை அறிமுகப்படுத்துவது இப்படி: "இவரு என்ட மச்சான். ஒரு வரியில பிழை விடுவாரு, அடுத்த வரியில அதத் திருத்துவாரு. அதால பத்திரிகை நிரம்பும்." சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவர் வாழ்நாளைக் கொடுத்த பொருள் குறுநொய் அரிசி அளவு இருக்கும். சிலிக்கன் துண்டு. அதன் நடுப்பகுதியை அமிலத்தால் அரித்து, தலைமயிரைவிட மெல்லிய ஒரு சவ்வாக்கியிருப்பார்கள். அழுத்தினால் சவ்வு வளையும். வளைந்தால் அதில் ஓடும் மின்சாரம் மாறும். அந்த மாற்றத்தை ஒரு பெட்டியில் உள்ள முள் காட்டும். மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடத்தில் இதை வைத்துக் கட்டினால், கைக்குக் காற்றுப்பட்டி சுற்றாமல், பாதரசக் குழாய் இல்லாமல், இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிடலாம் என்பது அவருடைய திட்டம். இந்தத் துண்டுகளை இங்கிலாந்தில் தன் கையாலேயே செய்து, தொண்டைக் கரகரப்பு மிட்டாய் டப்பா ஒன்றில் பஞ்சு வைத்து அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். நம் நாட்டில் அப்போது அப்படியொன்றைச் செய்ய இடமில்லை. ஒன்று உடைந்தால் ஒன்று குறைந்தது. என் மருமகள், தங்கையின் மூத்தவள், ஒருமுறை அந்த டப்பாவைத் திறந்ததற்கு அவர் போட்ட சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதியில் அவருடைய பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி ஒன்று காலியானது. விண்ணப்பித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இவர். மற்றவர், இவர் சொல்வதன்படி, வயர் ஒட்டும் ஈயப் பற்றுக்கோலைக் கையால் தொட்டே இராதவர். ஊரில் எல்லோரும் மச்சானை ஏற்கனவே "புரபசர்" என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் திருத்துவதில்லை. நான் மட்டும் "விரிவுரையாளர்" என்பேன், அவருக்குக் கேட்கும்படி.

பதவி கிடைத்தால் பல்கலைக்கழக வளவுக்குள் பங்களா கிடைக்கும். தங்கையும் இரண்டு பெண்பிள்ளைகளும் அங்கே போய்விடலாம். கலியாணமான நாள் முதல் விடுமுறைக்கு வந்துபோகும் கணவரோடு குடும்பம் நடத்தியவள் அவள். அந்தப் பங்களாவின் குசினி எந்தத் திசையில் இருக்கும் என்றுகூட என் மனைவியிடம் சொல்லியிருந்தாள்.

தேர்வுச் சபை, நாட்டு மக்களுக்குப் பயன்படும் ஆய்வு எதுவும் இருக்கிறதா என்று கேட்குமாம். ஆகவே அந்த வருட விடுமுறையில் பெட்டியையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஊராரின் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்க, மருதமுனையில் தெரிந்தவர் ஒருவரின் நெசவுசாலையை வெள்ளிக்கிழமைக் காலைகளில் கேட்டு எடுத்தார். வெள்ளிக்கிழமை தறி ஓடாது. அளவுகளை எழுத வேகமாக எழுதும் ஆள் வேண்டும் என்று தங்கையை அனுப்பி என்னைக் கூப்பிட்டார். அவர் நேரே கேட்கவில்லை என்பதையும் நான் உடனே சம்மதித்தேன் என்பதையும் இங்கே பதிகிறேன். எனக்கு அதில் ஒரு செய்தி தெரிந்தது.

நெசவுசாலை கிழக்குப் பார்த்த கட்டடம். நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கடல் பக்கச் சுவரில் பாதி யன்னலாகவே கட்டியிருந்தார்கள். ஆண்கள் உட்கார யன்னலோரம் ஒரு வாங்கு. பெண்களுக்கு உள்மூலையில் இரண்டு தறிகளுக்கிடையே படுக்கை விரிப்பைக் கட்டி மறைப்பு. பெட்டி நடுவில் மேசைமேல் இருந்தது. அதிலிருந்து நீண்ட வயர். ஆண்களுக்கு மச்சானே கட்டுவார். பெண்களுக்கு, ஓய்வுபெற்ற மருத்துவிச்சி ஒருவர் மறைப்புக்குள் இருந்து கட்டுவார். துண்டு சரியாக நாடியில் உட்காராவிட்டால் மச்சான் உள்ளே போய்த் திருத்த வேண்டியிருக்கும். அதற்காக ஒவ்வொரு பெண்ணும் சீலைத் தலைப்பை இழுத்துக் கையையும் கருவியையும் சேர்த்து மூடிக்கொள்வாள்.

"மெஷினுக்கும் முக்காடு போட்டாச்சு சேர், உள்ள வாங்க!" என்று மருத்துவிச்சி சத்தமிடுவார். மறைப்புக்குள் ஒரே சிரிப்பு.

கட்டுகிற துண்டை ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்திருந்தார். மேலிருந்து பார்த்தால் சிலிக்கன் நாடிமேல் சரியாக நிற்கிறதா என்று தெரியும். அந்தக் கூடு தன் சொந்த யோசனை என்று அவருக்குப் பெருமை.

முதல் வெள்ளியே வித்தியாசம் தெரிந்தது. ஆண்களின் அளவுகள் உயரத்தில் நின்றன. பெண்களுடையவை சாதாரணம். இரண்டாம் வெள்ளியும் அப்படியே. சிலசமயம் ஓர் ஆணின் முள் உயர்ந்து நின்று, சற்று நேரத்தில் தானாகவே இறங்கும். "பயம் தெளிஞ்சிட்டு," என்பார் மச்சான். வெளியே அப்போது மேகம் போய்க்கொண்டிருந்திருக்கும். நான் யன்னலைப் பார்க்கவில்லை. அளவையும் பெயரையும், பத்திரிகைப் பழக்கத்தில் பக்கத்திலேயே நேரத்தையும் எழுதிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வெள்ளி அவருக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. "ஆம்பிளையள் பொழுதுக்கும் தேத்தண்ணிக் கடையில. உப்புக் கருவாடு, மாட்டெறச்சி, வெட்டிக் கதை. பொம்பிளையள் வீட்டுல அளவாத் தின்டுக்கிட்டு இரிக்காங்க. இதுதான் காரணம்." தேத்தண்ணிக் கடை மனிதர்களை அவருக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அவர் விரும்பிய விடை அவர் கருவியிலிருந்தே வந்தது.

அன்று தறிக்காரர்களில் மூத்த ஒருவர், மெலிந்த மனிதர், முள்ளைப் பார்த்துவிட்டு, "எனக்குத் தலையிடி கூட வாறல்லையே புரபசர்?" என்று கேட்டார்.

"வராது. ஒருநாளைக்கு ஒரேயடியா வரும்," என்றார் மச்சான்.

தறிக்காரர் சாரனைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். பிறகு மறுபடி உட்கார்ந்தார்.

உயர்ந்த அளவுக்காரர்களுக்கு ஒரு தாள் துண்டில் அளவை எழுதி, கல்முனையில் ஒரு தனியார் டிஸ்பென்சரிக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் தன் கருவியால் திரும்பப் பார்க்கவேயில்லை. "லண்டன் மெஷின்ல புரபசர் பாத்த பிறகு நான் என்னத்தப் பாக்கிற?" என்று சொல்லிக் குளிசை எழுதினாராம்.

கடைசி வெள்ளி எல்லோரும் போன பிறகு மச்சான் என்னைப் பார்த்தார். "கொப்பிய வையுங்க மச்சான். உங்களுக்கும் ஒருக்காப் பாப்பம்."

யன்னலோர வாங்கில் இருந்தேன். முள் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. நெசவுசாலை வாசலில் நின்ற மூன்று நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா?" என்றார் அவர்களிடம். "எல்லாருக்கும் உள்ளுக்க ஓடுறது ரெத்தம். என்ட மச்சானுக்கு ஓடுறது எரிச்சல்."

எனக்கும் ஒரு துண்டு எழுதித் தந்தார். நான் கோபத்தோடு அதை வாங்கி, கோபத்தோடு டிஸ்பென்சரிக்குப் போய், கோபத்தோடு குளிசையை விழுங்கத் தொடங்கினேன்.

அன்று பகல் அங்கேயே சாப்பிட்டு, இருட்டிய பிறகு இருவரும் ஒரே வாடகைக் காரில் திரும்பினோம். பாலத்தடியில் இராணுவம் மறித்தது. வயரும் பற்றரியும் உள்ள பெட்டி அந்த வருடங்களில் விளக்கம் கேட்கும் பெட்டி. மச்சான் நல்ல சிங்களம் கதைப்பார். இறங்கி, கருவியைத் தன் கையிலேயே கட்டி, முள்ளைக் காட்டினார். முள் அமைதியாக நின்றது. சிப்பாய்க்கு அது போதவில்லை. கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க டோர்ச்சை அடித்துக் குனிந்தான். முள் துள்ளியது.

"பயய்!" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான் சிப்பாய். மச்சானுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. நானும் பயம் என்றே நினைத்தேன். மனசுக்குள் கொஞ்சம் சந்தோசப்பட்டேன். கொப்பியில், "சிப்பாய் டோர்ச் அடிக்கையில் விரிவுரையாளரின் முள் துள்ளியது" என்று எழுதிவைத்தேன், பிறகொரு நாள் யாருக்காவது சொல்லிச் சிரிக்க.

செய்தியும் எழுதினேன். கரையோர ஆண்களிடையே உயர் இரத்த அழுத்தம், தேநீர்க் கடை உணவே காரணம் என ஆய்வில் தெரிகிறது. நான்காம் பக்கத்தில் இரண்டு பத்தியாக வந்தது. மச்சான் பத்துப் பிரதிகள் வாங்கினார். ஆய்வுக் கட்டுரையும் வெளிநாட்டுச் சஞ்சிகைக்குத் தபாலில் போனது. நேர்முகப் பரீட்சை நோன்புப் பெருநாள் கழிந்த முதலாம் கிழமை என்று கடிதம் வந்தது.

நோன்பு தொடங்கியது. விடியுமுன் சஹருக்கு எழும்பிக் குளிசையைப் போட்டுவிட்டு நோன்பு பிடித்தேன். நடக்கும்போது தரை கொஞ்சம் தள்ளி இருப்பதுபோல இருந்தது. பதினோராம் நோன்போ பன்னிரண்டாம் நோன்போ, நீதிமன்றத்தில் ஒரு மாட்டுக் களவு வழக்கை எழுதிக்கொண்டிருந்தபோது நிருபர் வாங்கிலிருந்து விழுந்தேன். நீதவான் வழக்கை நிறுத்தினார் என்று பிறகு சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பாதரசக் கருவியால் இரண்டு கையிலும் பார்த்தார். "ஆர் உமக்கு இந்தக் குளிசை தந்தது? உமக்குப் பிறஷரே இல்லை. இருந்ததையும் இந்தக் குளிசை கொண்டுபோட்டுது," என்றார்.

வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்தேன். முதலில் நினைத்தது, மச்சான் வேண்டுமென்றே எனக்குப் பொய் அளவு தந்தார் என்று. அதை நிரூபிக்கத்தான் கொப்பியைத் திறந்தேன். பெயர்களைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. நேரங்களைப் பார்த்தேன். ஆண்களில் காலையில் முதலில் வந்தவர்களுக்கு அளவு மிக உயரம். நேரம் போகப் போக இறங்குகிறது. நண்பகலில் ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் கடைசியாக வந்தவர்களின் அளவும் பெண்களின் அளவும் ஒன்று. பெண்களுக்கோ காலை முதல் பகல் வரை ஒரே மாதிரி. தேத்தண்ணிக் கடைக்காரர்களின் இரத்தம் ஏன் சூரியன் கூரைக்கு மேலே போகப் போக அடங்க வேண்டும்? எனக்கும் மச்சான் அளந்தது அதே யன்னலோரத்தில். அன்று எல்லோரும் வேளைக்கே போய்விட்டதால் வெயில் இன்னும் வாங்கில் இருந்தது. பிறகு அந்தச் சிப்பாயின் டோர்ச் வரியில் கண் போனது.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு எதிர் வளவுக்குப் போனேன். விடுமுறை நீண்டிருந்ததால் மச்சான் வீட்டில்தான் இருந்தார். மேசையில் நேர்முகப் பரீட்சைக்கான தாள்கள்.

"மச்சான், அந்த மெஷின எடுங்க."

"நோன்போடயா? கோபமா வேற வந்திரிக்கீங்க. முள்ளு முறிஞ்சிரும்."

"முறிஞ்சாப் பறவாயில்ல. கட்டுங்க."

அறைக்குள் வைத்துக் கட்டினார். முள் சாதாரணத்தில் நின்றது. அவர் கண் சற்றுச் சுருங்கியது. யன்னலோரத்தில் நான் காட்டிய அளவு அதுவல்ல. நான் எழுந்து, வயர் எட்டும் மட்டும் மேற்குவாசல் பக்கம் நடந்து, கையை வெயிலில் நீட்டினேன். முள் ஏறியது. தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையை மூடினேன். முள் விழுந்தது. துவாயை எடுத்தேன். ஏறியது.

மச்சான் எழுந்து வந்து தன் உள்ளங்கையால் கூட்டை மூடினார், திறந்தார். மூடினார், திறந்தார். சிலிக்கனுக்கு வெளிச்சம் பட்டால் அதுவே கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கும் என்பதை அவருடைய முதலாம் வருட மாணவர்களுக்கே அவர் படிப்பித்திருக்கிறார். துண்டின் முகம் தோலைப் பார்த்து இருப்பதால் வெளிச்சம் போகாது என்று எண்ணியிருந்தார். கண்ணாடிக் கூட்டின் வழியாகப் பக்கவாட்டில் போயிருக்கிறது. இங்கிலாந்தில் அவருடைய ஆய்வுகூடம் நிலவறையில். இங்கே தினமும் கருவியைச் சரிபார்த்தது சின்ன யன்னல் உள்ள இந்த அறையில்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"ஆருக்கெல்லாம் சொன்னீங்க?"

"இன்னும் ஆருக்கும் இல்ல."

"சொல்லாதீங்க. மூணு கிழம. பதவி கையில வரட்டும், நானே மருதமுனைக்குப் போய்ச் சொல்றன்."

"அந்த ஆக்கள் நோன்போட குளிசை தின்டுக்கிட்டு இரிக்காங்க. நான் கோட்டுல விழுந்தன்."

"நான் டொக்டரா? குளிசை குடுத்த நானா?"

"துண்டு எழுதின நீங்க."

"பேப்பர்ல போட்ட நீங்க."

இரண்டும் உண்மை. தங்கை குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது.

"காக்கா," அண்ணன் என்ற உரிமையோடு கேட்டாள், "எனக்காக மூணு கிழம பொறுக்க ஏலாதா?"

"அதுக்குள்ள ஒரு ஆள் விழுந்து மௌத்தானா என்ன செய்யிற?"

"ஒங்களுக்கு அந்த ஆக்கள்ள இரக்கமா, இவர்ல எரிச்சலா? அத மொதல்ல சொல்லுங்க."

"ரெண்டும்தான்," என்றேன்.

மச்சான் சிரித்தார். நல்ல சிரிப்பல்ல. "எழுதுங்க. நல்லா எழுதுங்க. ஒங்கட தமிழ்ப் பேப்பர அந்தச் சபையில ஆர் வாசிக்கிற?"

பாங்கு சொல்லிவிட்டார்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்த ஒருவரை யாரும் வெளியே அனுப்புவதில்லை, எங்கள் ஊரில் எந்தச் சண்டையும் அந்த அளவுக்குப் போனதில்லை. தங்கை மூன்று கோப்பையில் கஞ்சி வைத்தாள். மச்சான் என்னைப் பார்க்காமல் பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினார். நான் அவரைப் பார்க்காமல் ஒன்றை எடுத்தேன்.

அடுத்த நாள் திருத்தத்தை எழுதித் தபாலில் போட்டேன். அது வரும்வரை காத்திருக்காமல் கொப்பியோடு மருதமுனைக்குப் போனேன். வீடு வீடாக ஏறி, குளிசையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் திரும்பப் பார்க்கும்படி சொன்னேன். அந்த மெலிந்த தறிக்காரர் தறிக்குழியில் இருந்தபடியே கேட்டார். முன்பைவிட மெலிந்திருந்தார்.

"புரபசர் சொல்லி அனுப்பினாரா?"

"இல்ல. நான் சொல்றன்."

"நீங்களும் அவரும் கதைக்கிறல்லயாமே?"

"அது வேற."

"என்ன வேற? அவருக்குப் பங்களா கிடைக்கப் போகுது. ஒங்கட தங்கச்சி போகப்போறா. ஒங்களுக்கு வயித்தெரிச்சல்." தறி நாடாவை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் எறிந்தார். "படிச்ச மனுசன் மெஷின் வச்சுப் பாத்தது பிழை. நீங்க கொப்பி வச்சுப் பாத்தது செரி. அப்படித்தானே?"

அப்படித்தான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. பெரும்பாலானவர்கள் நம்பவில்லை. இரண்டு பேர் குளிசையை முன்பே நிறுத்திவிட்டிருந்தார்கள், வாங்க வசதியில்லாமல்.

திருத்தம் ஒரு கிழமை கழித்து, நெல் விலைக்குக் கீழே ஆறு வரியில் வந்தது. அந்தப் பெருநாளுக்கு என் தங்கை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பள்ளிவாசலில் இரண்டு பேர் என் கையைத் தொடாமலே ஸலாம் சொன்னார்கள். டிஸ்பென்சரிக்காரர் என்மீது வழக்குப் போடப்போவதாகச் சொல்லித் திரிந்தார். போடவில்லை.

நேர்முகப் பரீட்சையில் நடந்தது எனக்குத் தங்கை மூலமும், அந்தப் பல்கலைக்கழகத்தில் எனக்குத் தெரிந்த ஓர் எழுதுவினைஞர் மூலமும் தெரிய வந்தது. இருவர் சொன்னதும் ஒத்துப்போனதால் எழுதுகிறேன். மச்சான் கணக்கில் ஒரு பிழை விட்டிருந்தார். சபையில் யாரும் தமிழ்ப் பத்திரிகை வாசிப்பதில்லை என்பது சரி. ஆனால் எதிர்ப் போட்டியாளர் வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடித்திருந்தார். என் ஆறு வரியும் ஆங்கிலத்தில் தட்டச்சாகி ஒரு சபை உறுப்பினரின் கோப்புக்குள் இருந்தது. முதல்நாள் மாலை மச்சானுக்கு அது தெரிந்துவிட்டது.

அவர் சபைக்குப் பெட்டியையும், ஒரு டோர்ச்சையும், ஒரு கைலேஞ்சித் துணியையும் கொண்டுபோனார். யாரும் கேள்வி கேட்பதற்கு முன்பே கருவியைத் தன் கையில் கட்டினார். டோர்ச்சை அடித்தார். முள் ஏறியது. கைலேஞ்சியால் மூடினார். முள் இறங்கியது. இந்த வகைக் கருவிகளை ஆய்வுகூடத்துக்கு வெளியே கொண்டுபோனால் வரக்கூடிய இந்தப் பிழையைத் தான் கிழக்குக் கரையில் கள ஆய்வின்போது கண்டதாகவும், முதல் கட்டுரையைத் தானே மீளப் பெறுவதாகவும், கருநிற றப்பர் உறையால் இதைத் தீர்க்கலாம் என்றும் சொன்னார். உறையையும் காட்டினார். முதல்நாள் இரவு சைக்கிள் டியூபில் வெட்டியது.

எப்படிக் கண்டீர்கள் என்று ஒருவர் கேட்டாராம்.

"உறவினர் ஒருவரின் கையில் சோதித்தபோது," என்றாராம் மச்சான்.

அந்த வாக்கியத்தைப் பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கோப்பைத் திறந்து வைத்திருந்த உறுப்பினர் கோப்பை மூடினாராம்.

பதவி அவருக்குக் கிடைத்தது. அந்த வெளிச்சப் பிழை பற்றி எழுதிய கட்டுரைதான் பிற்காலத்தில் அவருக்கு வெளிநாட்டு அழைப்புகளையும் ஆராய்ச்சிக் கூடத்தையும் கொண்டுவந்தது. நியாயத்துக்காக இதையும் எழுத வேண்டும்: துவாயைப் போட்டு எடுத்தது மட்டுமே நான். முள் எதனால் ஏறுகிறது, எவ்வளவு ஏறும், அதை எப்படி நிறுத்துவது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் துவாயைப் போட்டது நான்.

நியமனம் வந்த பத்து நாளில் பஸ் ஏறி அவரிடம் போனேன். கொப்பியிலிருந்து எடுத்த பெயர்ப் பட்டியலும், நான் தட்டச்சு செய்த ஒரு கடிதமும் கையில் இருந்தன. கருவியில் பிழை இருந்தது, ஆஸ்பத்திரியில் திரும்ப அளந்து டொக்டர் சொல்வதன்படி நடக்கவும், நேர்ந்ததற்கு மன்னிக்கவும் என்று எழுதியிருந்தேன். அறையில் பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படாமல் கிடந்தன. என்னை உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை.

வாசித்தார். பேனையை எடுத்து "மன்னிக்கவும்" என்பதை வெட்டினார்.

"அது என்னத்துக்கு?" என்றேன்.

"மன்னிப்பு ஆளுக்கு நேர கேக்கிற விசயம். கடிதத்துல கேக்கிறல்ல."

"நேர வந்து கேப்பீங்களா?"

அவர் எழுதுவினைஞரைக் கூப்பிட்டு, கடிதத்தைப் பல்கலைக்கழகத் தாளில் பட்டியலில் உள்ள ஒவ்வொருவர் பெயருக்கும் அடிக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு, கீழே புதிய முத்திரையைக் குத்தினார். மை காயும்வரை இருவரும் தாள்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மூணு கிழம பொறுத்திருந்தா நானே சொல்லியிருப்பன் எண்டு நினைக்கிறீங்களா?" என்று திடீரெனக் கேட்டார்.

"இல்ல."

"ஓம்," என்றார். "சொல்லியிருக்க மாட்டன்." தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டினார். "பஸ் அஞ்சு மணிக்கு."

கடிதங்களை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தபாலில் போட்டிருக்கலாம். நான் சொன்னபோது நம்பாதவர்கள் இப்போது எப்படி நம்புகிறார்கள் என்று பார்க்க விரும்பினேன்.

மெலிந்த தறிக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளின் கீழ்ப்பகுதியை முதலில் பார்த்தார். கையெழுத்து, முத்திரை, பதவி. பிறகு மேலே போய் நிதானமாக வாசித்தார். உள்ளே திரும்பி, "புள்ள, அந்தக் குளிசைய எடுத்து வையி, இனித் தர வேணாம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறன்," என்று மனைவிக்குச் சொன்னார். குரலில் அவ்வளவு ஆறுதல்.

"பெரிய மனுசன்," என்றார் என்னிடம். "புரபசரா வந்த பிறகும் எங்கள நினைச்சு எழுதியிரிக்காரு."

"ஓம்."

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு என் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார்.

"எங்களுக்குப் பிறஷர் வருத்தம் எண்டு அண்டைக்குப் பேப்பர்ல பிழையா எழுதின ஆள் நீங்கதானே?"

"ஓம்," என்றேன். "நான்தான்."